இரவு பத்து மணிக்கும் ஆறாத கூரை: அப்பாவை எப்படித் தூங்க வைப்பது?

கேள்வி: மாடிவீட்டு மகள், வேலூர்

சத்துவாச்சாரியில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். மேற்குப் பார்த்த வீடு. நான், கணவர், ஏழாம் வகுப்பு முடித்த மகன், மார்கழியில் அம்மா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்ட என் அப்பா. அவருக்கு 76 வயது. கலசபாக்கம் பக்கத்துக் கிராமத்தில் ஓட்டு வீட்டுத் திண்ணையிலேயே படுத்துப் பழகியவர். எங்கள் வீட்டில் அவருக்கு இது முதல் கோடை.

கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. பகலை எப்படியோ ஓட்டிவிடுகிறோம். ஜன்னல்களுக்கு ஈரத்துணி, மதியம் மோர், மூன்று மணிவரை யாரும் வெளியே போவதில்லை. எனக்குப் பயம் இரவுதான். எங்கள் சுவர்க் கடிகாரம் வெப்பநிலையும் காட்டும். நேற்று பிற்பகல் மூன்று மணிக்கு அப்பாவின் அறையில் 37 டிகிரி. இரவு பத்து மணிக்கு 36. அதே கடிகாரத்தை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன், 31. வெளியே அறையைவிட ஐந்து டிகிரி குறைவாக இருக்கும்போதும் உள்ளே மதியத்திலிருந்து ஒன்றுதான் குறைந்திருக்கிறது. முக்காலியில் ஏறி உட்கூரையைத் தொட்டுப் பார்த்தேன். சற்றுமுன் சோறு வடித்த பானையைத் தொட்டதுபோல் இருந்தது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது.

அப்பா என்ன செய்கிறார் தெரியுமா? எட்டு மணிக்கு வாளி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், தொட்டிக் குழாயில் பிடித்து நான்கு வாளித் தண்ணீரைத் தளத்தில் கொட்டுகிறார். இந்த வயதில் வாளி தூக்குகிறாரே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கொட்டியவுடன் ஆவி கிளம்புகிறது. அடுத்த ஒரு மணி நேரம் வீட்டுக்குள் புழுக்கம் கூடியதுபோல் தோன்றுகிறது. கீழ்வீட்டுக்காரர்களோ கூரை ஒழுகும் என்று சொல்கிறார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைப் போன வாரம்தான் கண்டுபிடித்தேன். மாலை நான்கு மணிக்குப் பிறகு அவர் தண்ணீரே குடிப்பதில்லை. கழிவறைக்குக் கூடத்தைக் கடந்து போகவேண்டும். கூடத்தில் பேரன் படுத்திருக்கிறான். எழுந்து நடந்தால் பையன் விழித்துக்கொள்வான் என்று நினைத்து, நா வறண்டு படுத்திருக்கிறார். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் கால் வீக்கத்துக்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார்.

எங்கள் படுக்கையறையில் ஏசி இருக்கிறது. உள்ளே வந்து பத்து நிமிடம் உட்காருவார், முழங்கால் வலிக்கிறது என்று எழுந்து போய்விடுவார். முழங்கால் காரணமல்ல. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "நூறு தாண்டிவிட்டதா?" என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறார்.

கூரையில் தண்ணீர் கொட்டுவது சரியா? சுண்ணாம்பு அடித்தால் உண்மையிலேயே பயன் உண்டா? மாசியில் வாங்கிய மண்பானை முதல் மாதம் நன்றாகக் குளிர்ந்தது, இப்போது குழாய்த் தண்ணீர் போலவே இருக்கிறது. அது ஏன்? எல்லாவற்றுக்கும் மேலாக, அவரை எப்படித் தண்ணீர் குடிக்க வைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய மேஸ்திரி, ஆரணி

அம்மா, நாற்பது வருடம் கட்டட வேலை செய்தவன் நான். உங்கள் கடிகாரக் கணக்கு சரியானது. காங்கிரீட் தளம் வெயிலை உடனே கீழே விடாது. காலையிலிருந்து வாங்கிய சூடு மேற்புறத்திலிருந்து உட்புறம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். சூரியன் மறைந்த பிறகுதான் அது உங்கள் அறைக்குள் இறங்குகிறது. அதனால் பகலில் ஜன்னலை மூடியது சரி, இரவில் திறக்காமல் இருந்தால்தான் தவறு. ஏழு மணிக்கு மேல் வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள். மாடிப்படிக் கதவையும் திறந்து வையுங்கள், சூடான காற்று அந்த வழியாக மேலே போகும். கொசுவலை கட்டாயம்.

முன்பெல்லாம் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். அதன்மேல் தட்டையான ஓடு பதிப்போம். அந்த வீட்டில் மேல்மாடியிலும் படுக்கலாம். இப்போது செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று வெறும் காங்கிரீட்டோடு விட்டுவிடுகிறார்கள். பின்னால் அதில் குடியிருப்பவர்கள் வருடத்துக்கு மூன்று மாதம் வேகிறார்கள். எனக்கு இதில் இன்றும் ஆற்றாமை உண்டு.

வாடகை வீட்டில் நீங்கள் அதைச் செய்ய முடியாது. சுண்ணாம்பு அடியுங்கள். உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். செய்முறை இதுதான். நல்ல கல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் போட்டு நீற்றுங்கள். அது கொதித்துத் தெறிக்கும், ஆகவே பிளாஸ்டிக் வாளி வேண்டாம், இரும்புத் தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பையனைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. மறுநாள் முரட்டுத் துணியில் வடிகட்டி, பிடிப்புக்கு அரிசிக் கஞ்சியோ கடையில் விற்கும் பசையோ சேர்த்துக்கொள்ளுங்கள். தளத்தைப் பெருக்கிக் கழுவி, ஈரம் காயும் முன் அடியுங்கள். முதல் பூச்சு கிழக்கு மேற்காக, அடுத்தது வடக்கு தெற்காக. மூன்று பூச்சாவது வேண்டும். விடியற்காலையில் செய்யுங்கள், வெயில் ஏறிய தளத்தில் அடித்தால் பொரிந்து உதிரும். சுவருக்குப் போடுவதுபோல் நீலம் கலக்காதீர்கள், சுத்த வெள்ளையாக இருந்தால்தான் வெயிலைத் திருப்பி அனுப்பும்.

மழைநீர்ச் சேகரிப்புக் குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கும். சுண்ணாம்பு அடித்த பிறகு வரும் முதல் மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள். அந்தத் தளத்தில் வடகம் பிழிவதாக இருந்தால் கட்டில் போட்டு அதன்மேல் பிழியுங்கள்.

தண்ணீர் கொட்டும் விஷயம். உங்கள் தந்தை செய்வதில் அர்த்தம் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது தளத்தின் சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகிறது. ஆனால் நான்கு வாளியை ஒரே இடத்தில் கொட்டினால் பாதி வழிந்தோடிவிடும். விரிசல் உள்ள தளமாக இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், கீழ்வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவர் கட்டிலுக்கு நேர்மேலே உள்ள இடத்தில் மட்டும் பழைய சணல் சாக்குகளை விரித்து நனைத்து வையுங்கள். ஒரு வாளி போதும். அதை அவர் தூக்க வேண்டாம், மாப்பிள்ளை தூக்கட்டும்.

பதில்: இரவுப்பணி செவிலி, திருச்சி

முதியவர் பிரிவில் பல கோடைகள் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், சகோதரி. உங்கள் கேள்வியில் கூரையைவிட என்னைக் கவலைப்படுத்தியது அந்தத் தண்ணீர் விஷயம்தான்.

வயதானால் தாகம் எடுக்கும் உணர்வே குறைந்துவிடும். உடலுக்குத் தண்ணீர் தேவைப்படும்போதுகூட அவருக்குக் குடிக்கத் தோன்றாது. அதோடு, கால் வீக்கத்துக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் பல, சிறுநீரை அதிகம் பிரிய வைப்பவை. அப்படிப்பட்ட மாத்திரை சாப்பிடுகிறவர் மாலை நான்கிலிருந்து விடியும்வரை தண்ணீர் இல்லாமல் 36 டிகிரி அறையில் படுத்திருப்பது ஆபத்து. இந்த வாரமே அவருடைய மருத்துவரைப் பாருங்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கோடையில் இந்த மாத்திரையின் அளவும் நேரமும் இப்படியே இருக்கலாமா? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் அளவு வைத்துத்தான் குடிக்க வேண்டியிருக்கும். அதனால் நான் இங்கே லிட்டர் கணக்குச் சொல்லமாட்டேன். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

மருத்துவர் சொல்லும் அளவில் பெரும்பகுதியை விடிகாலையிலிருந்து மாலை நான்குக்குள் கொடுத்துவிடுங்கள். மாலையில் சிறுகச் சிறுக. "தண்ணீர் குடித்தீர்களா அப்பா?" என்று கேட்காதீர்கள், "குடித்தேன்" என்றுதான் சொல்வார். ஒரு செம்பை நிரப்பி அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பக்கத்துக் கேழ்வரகுக் கூழை மோர் விட்டுக் கரைத்துக் காலையில் கொடுத்தால் விருப்பமாகக் குடிப்பார், அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். உப்பு மட்டும் குறைவாக. சர்க்கரையும் உப்பும் கலந்த கரைசலை வயிற்றுப்போக்கு இல்லாதபோது இரத்த அழுத்தக்காரருக்குத் தினமும் கொடுக்க வேண்டாம்.

கட்டிலுக்கடியில் மூடியுள்ள சிறுநீர்க் குடுவை ஒன்று வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். மகள் கொடுத்தால் கூச்சப்படுவார். உங்கள் கணவர் தனியாக எடுத்துச் சொல்லிக் கொடுக்கட்டும். எங்கள் பிரிவில் இந்த ஒரு பொருளே பல முதியவர்களைத் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறது.

மின்விசிறியைப் பற்றியும் ஒன்று. அறைச் சூடு உடல் சூட்டை நெருங்கிவிட்டால் வெறும் விசிறிக் காற்று குளிர்ச்சி தராது. உடம்பில் ஈரம் இருக்க வேண்டும். படுக்கும் முன் கை, கால், கழுத்து, முதுகு எல்லாவற்றையும் ஈரத்துண்டால் துடைத்துவிட்டு விசிறியைப் போடுங்கள். வேலூர்க் காற்று காய்ந்த காற்று, உடனே குளிரும்.

பேச்சுக் குழறினால், இடம் நேரம் தெரியாமல் பேசினால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், உடல் நெருப்பாகக் கொதித்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சட்டையைத் தளர்த்தி உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பதில்: குரோம்பேட்டை மகன்

சாக்கும் சுண்ணாம்பும் நல்லவைதான். ஆனால் அவற்றை நம்பி ஏசியை ஒதுக்கிவிடாதீர்கள் அக்கா.

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது என் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இருபது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன என் பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். முதலில் ஏதோ கனவு என்று நினைத்து ஐந்து நிமிடம் வீணாக்கினேன். தொட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. மருத்துவமனையில் காய்ச்சல்மானி 40-ஐத் தாண்டியது. ஆறு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் இன்றும் அவர் நடை பழையபடி இல்லை. அவரும் அதுவரை ஏசியைப் போடவிடாதவர்தான்.

சென்னையில் எங்களுக்குக் கடற்காற்று ஒரு துணை. அது தாமதமாகும் நாளில் நாங்களும் தவித்துப்போகிறோம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான நாளை என் வயதுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். வேலூருக்கு அந்தக் கடற்காற்றும் வராது, சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள் வேறு.

நாங்கள் செய்தது இது. ஏசியை 28-ல் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டோம். காற்று நேராக மேலே படாதபடி அம்மாவின் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். முழங்காலுக்கு ஒரு மெல்லிய போர்வை. இரவு முழுவதும் வேண்டாம், ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை போதும், அதற்குள் கூரையும் ஆறிவிடுகிறது. பணத்தைப் பற்றி ஒருமுறை உட்கார்ந்து பேசினேன். மருத்துவமனை ரசீதையும் மின்கட்டண ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். உங்கள் தந்தைக்கு அப்படி ஒரு ரசீது வராமலே இருக்கட்டும்.

பதில்: அருப்புக்கோட்டை அடுப்படி

பானையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தங்கச்சி, நீங்கள் பானையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பீர்கள், சரியா? மண்பானை குளிர்வதே அதன் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாவதால்தான். சோப்பும் உப்புத் தண்ணீரின் படிவும் அந்தத் துளைகளை அடைத்துவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் உள்ளும் புறமும் நன்றாகத் தேயுங்கள், வேறொன்றும் போட வேண்டாம். ஒரு நாள் வெயிலில் காயவைத்து, பிறகு ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் மூழ்க வைத்து எடுங்கள். மேற்புறம் வியர்த்தால் பானை பிழைத்துக்கொண்டது என்று பொருள். வியர்க்காவிட்டால் புதிது வாங்குங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கரிகிரிப் பாண்டங்கள் கண்ணைப் பறிக்கும் அழகு, ஆனால் மெருகு பூசியது கசியாது. குடிதண்ணீருக்குச் சாதாரணச் சிவப்புப் பானைதான்.

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அடுப்பு மேடையில் வைத்தால் எந்தப் பானையும் குளிராது. ஒரு தட்டில் ஆற்றுமணல் பரப்பி நனைத்து, அதன்மேல் பானையை அமர்த்தி, காற்று வரும் ஜன்னலோரம் வையுங்கள். சுற்றி ஒரு ஈரத்துணி. உள்ளே வெட்டிவேர் ஒரு சிறு முடிச்சு. அந்த வாசனைக்காகவே பெரியவர்கள் இன்னொரு குவளை கேட்பார்கள். என் மாமனார் கேட்டிருக்கிறார்.

அவர் கிராமத்துக்காரர் அல்லவா? பிளாஸ்டிக் பாட்டிலில் கொடுக்காதீர்கள். செம்பில் கொடுங்கள். பனைமரம் உள்ள பக்கத்திலிருந்து நுங்கு வந்தால் இளசாகப் பார்த்து வாங்குங்கள்.

மாடிவீட்டு மகள், வேலூர் (பன்னிரண்டு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மறுநாளே மருத்துவரைப் பார்த்தோம். கால் வீக்க மாத்திரை, செவிலி சகோதரி சொன்ன வகைதான். அப்பா அதை இரவு உணவுக்குப் பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்! காலையில் சாப்பிட வேண்டியதாம். அம்மா இருந்தவரை மாத்திரை எடுத்துக் கொடுத்தது அம்மாதான், அவர் போன பிறகு நேரம் மாறிப்போனது யாருக்கும் தெரியவில்லை. மாத்திரையைக் காலைக்கு மாற்றியதும் இரவில் இரண்டு முறை எழுந்தவர் ஒருமுறைதான் எழுகிறார். குடிக்கும் அளவையும் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். குடுவையை என் கணவர் வாங்கிக் கொடுத்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

காலையில் கூழ். முதல் நாள் நான் கரைத்தது கெட்டியாக இருக்கிறது என்றார், இரண்டாம் நாள் நொய் வேகவில்லை என்றார், மூன்றாம் நாள் அவரே உட்கார்ந்து கையால் கரைத்தார். பேரனுக்கும் ஒரு கிண்ணம். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் மட்டும். மோர்மிளகாய் கேட்கிறார், உப்புக்காக நான் கொடுப்பதில்லை, அதில் எங்களுக்குள் தினமும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

சுண்ணாம்பு அடித்தது போன ஞாயிறு. உரிமையாளர் சம்மதித்தார், செலவு எங்களுடையது. மேஸ்திரி ஐயா சொன்னபடி முதல் நாள் இரும்புத் தொட்டியில் நீற்றினோம். விடியற்காலை நாலரைக்குத் தொடங்கி ஏழுக்குள் இரண்டு பூச்சு, மறுநாள் மூன்றாவது. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கே விட்டுப்போனது என்று காட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் எழுந்து மட்டையை வாங்கி ஓர் ஓரம் அடித்தும் பார்த்தார். கிராமத்து வீட்டுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த கை அது.

கடிகாரக் கணக்கு: சுண்ணாம்புக்கு முன் இரவு பத்து மணிக்கு 36. அடித்த மூன்றாம் நாள் 33. நடுவில் இரண்டு மாலை கோடைமழை தூறியது, அதனால் மூன்று டிகிரியும் சுண்ணாம்பின் வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உட்கூரையைத் தொட்டால் இப்போது கை பின்வாங்குவதில்லை. முதல் மழையை வெளியே திருப்பிவிட்டோம்.

பானை வியர்க்கிறது. சோப்புத்தான் காரணம், அருப்புக்கோட்டை அக்கா. மணலும் வெட்டிவேரும் அப்படியே செய்தேன். செம்பு ஒரு நாளைக்கு நான்கு முறை காலியாகிறது, நான் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

குரோம்பேட்டை தம்பி, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் அம்மா இப்போ நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். வெயில் கடுமையாக இருந்த நான்கு இரவுகள் எங்கள் அறையில் ஏசியில் படுத்தார், கட்டிலை நீங்கள் சொன்னபடி திருப்பிப் போட்டோம். மற்ற நாட்களில் தன் அறையில்தான், ஜன்னல் திறந்து, ஈரத்துண்டோடு. உங்கள் அம்மா எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள், கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மேஸ்திரி ஐயா, இன்னும் ஒரு சந்தேகம். மேற்குச் சுவர் ஐந்து மணிக்குத் தொட முடியாமல் இருக்கிறது, அப்பாவின் கட்டில் அதை ஒட்டித்தான் கிடக்கிறது. அதற்கும் சுண்ணாம்பு அடிக்கலாமா, இல்லை வேறு வழி உண்டா?

பழைய மேஸ்திரி, ஆரணி

அடிக்கலாம் அம்மா, ஆனால் இரண்டாம் மாடி வெளிச்சுவருக்குச் சாரம் கட்ட வேண்டும், நீங்களாக ஏறாதீர்கள். அதைவிட எளிது, மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பச்சை நிழல்வலையைச் சுவரை மறைத்துத் தொங்கவிடுவது. வலை சுவரில் ஒட்டக்கூடாது, ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும், நடுவே காற்று ஓடும். அதுவரை இன்றிரவே கட்டிலைக் கிழக்குச் சுவர்ப் பக்கம் நகர்த்திவிடுங்கள்.